மொழியியலும் நவீன மொழிகளும் முதுகலையில்: தரவிலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

மொழி சார்ந்த முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறவர்கள் பெரும்பாலும் முதலில் நாட்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அடுத்து பல்கலைக்கழகத்தை, கடைசியில் பாடப்பிரிவை. இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றுங்கள். முதலில் முடிவு செய்ய வேண்டியது, அடுத்த ஓராண்டோ ஈராண்டோ எந்த வகைத் தரவோடு உட்காரப் போகிறீர்கள் என்பதுதான். உட்பிரிவு, நெறியாளர், கருவிகள், வாங்க வேண்டிய அனுமதிகள், ஆய்வேட்டுக்கான காலம் எல்லாம் அந்த ஒரு முடிவிலிருந்தே கிளைக்கின்றன.

1. தரவைத் தேர்ந்தெடுத்தால் துறை தெரியும்

ஒலிப்பதிவும் அலைவடிவமும் பிடித்திருந்தால் ஒலியியல், ஒலியனியல். 'இந்த வாக்கியம் சரி, அது ஏன் தவறு?' என்ற கேள்வி விடாமல் அரித்தால் தொடரியல், பொருண்மையியல். மக்கள் உண்மையில் பேசுவதைப் பதிவுசெய்து ஆராய விரும்பினால் சமூக மொழியியல் அல்லது உரையாடல் பகுப்பாய்வு. எதிர்வினை நேரம், கண்ணசைவுப் பதிவு போன்ற சோதனைகள் உளமொழியியலைச் சேர்ந்தவை. பெரும் உரைத் தொகுப்புகளும் நிரலாக்கமும் தரவக மொழியியலுக்கும் கணினி மொழியியலுக்கும் கொண்டுபோகும். நாவல், நாளிதழ், திரைப்படம், கடிதக் கட்டு, ஆவணக் காப்பகம் ஆகியவை நவீன மொழிகள் துறையின் தரவு. ஒரே உரை இரு மொழிகளில் எப்படி நடந்துகொள்கிறது என்பது மொழிபெயர்ப்பியலின் தரவு.

முடிவு செய்ய எளிய சோதனை உண்டு. நினைத்திருக்கும் உட்பிரிவில் அண்மையில் வந்த மூன்று ஆய்வுக் கட்டுரைகளை எடுத்து, முன்னுரையை விட்டுவிட்டு 'தரவும் முறையும்' பகுதியை மட்டும் படியுங்கள். அதில் விவரித்திருக்கும் வேலையை மாதக்கணக்கில் செய்ய மனம் ஒப்பினால் அது உங்கள் துறை. கோட்பாட்டுப் பகுதி மட்டுமே ஈர்க்கிறது, முறைப் பகுதி சலிப்பூட்டுகிறது என்றால் வேறு உட்பிரிவைப் பாருங்கள்.

இரண்டு பெயர்கள் அடிக்கடி ஏமாற்றும். 'பயன்பாட்டு மொழியியல்' என்ற பட்டம் பல இடங்களில் பெரும்பாலும் மொழி கற்பித்தல்தான். 'நவீன மொழிகள்' என்ற பட்டம் உங்களுக்கு அந்த மொழியைச் சொல்லித் தருவதற்கானது அல்ல. ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலில் ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகள் உள்ளன. முதுகலையில் இலக்கியத்தையோ ஆவணங்களையோ மூலத்தில் படித்து விவாதிக்க சி1 தேவைப்படும். பி2-வோடு சேர்ந்தால் முதல் பருவம் முழுவதும் அகராதியோடு போய்விடும்.

2. பட்டத்தின் அளவைக் கணக்கிடுங்கள்

ஐரோப்பியக் கடன்மதிப்பு (கிரெடிட்) முறையில் ஓராண்டு 60 அலகுகள். ஓர் அலகு 25 முதல் 30 மணி நேர உழைப்பு. ஆக ஆண்டுக்கு 1,500 முதல் 1,800 மணி நேரம். ஐரோப்பாவில் ஈராண்டுப் பட்டம் 120 அலகு. பிரிட்டனில் ஓராண்டுப் பட்டம் 180 உள்ளூர் அலகுகளைக் கொண்டது. அங்கே இரண்டு அலகு ஓர் ஐரோப்பிய அலகுக்குச் சமம். 180-இல் 60 பொதுவாக ஆய்வேட்டுக்குப் போகும். அமெரிக்காவில் இளங்கலையிலிருந்து நேரடியாக முனைவர் பட்டத்துக்குச் சேர்வது வழக்கம். நிதியுதவியும் பெரும்பாலும் அங்கேதான், தனி முதுகலைக்குக் குறைவு.

ஓராண்டுப் பட்டத்தில் பலர் கவனிக்காத சிக்கல் ஒன்று இருக்கிறது. செப்டம்பரில் வகுப்பு தொடங்கும். ஆனால் முனைவர் பட்ட விண்ணப்பங்களின் கடைசி நாள் பல இடங்களில் டிசம்பர், ஜனவரியில் வந்துவிடும். முதுகலை மதிப்பெண் ஒன்றுகூடக் கையில் இல்லாமல், புதிய ஆசிரியர்கள் உங்களைச் சரியாக அறிவதற்கு முன்பே பரிந்துரை கேட்க வேண்டியிருக்கும். ஆகவே, தொடர்ந்து முனைவர் பட்டம் என்று திட்டமிட்டால் ஈராண்டுப் பட்டமோ, நடுவில் ஓராண்டு இடைவெளியோ நல்லது. இதில் எங்களுக்கு ஐயமில்லை.

3. பாடத்திட்டப் பக்கத்தை எப்படிப் படிப்பது

விளம்பர வாசகங்களைத் தாண்டி நேராகப் பாடப் பட்டியலுக்குப் போங்கள். ஆய்வுமுறைப் பாடம் கட்டாயமா, விருப்பமா? புள்ளியியல் சொல்லித் தருகிறார்களா? பட்டியலில் உள்ள விருப்பப் பாடங்கள் எல்லாம் ஆண்டுதோறும் நடப்பதில்லை. உங்களுக்கு இன்றியமையாத பாடம் சேரும் ஆண்டில் நடக்குமா என்று துறைக்கு எழுதிக் கேளுங்கள். ஒலிப்பதிவு அறை, கண்ணசைவுக் கருவி போன்றவை முதுகலை மாணவருக்கும் கிடைக்குமா, முனைவர் மாணவருக்கு மட்டுமா என்பதும் கேட்கத்தக்கது.

அடுத்து ஆசிரியர்கள். நீங்கள் விரும்பும் தரவில் கடந்த ஐந்தாண்டுகளில் வெளியிட்டவர் குறைந்தது இருவராவது இருக்கட்டும். ஒருவரை மட்டும் நம்பிச் சேர்ந்தால், அவர் ஆய்வு விடுப்பில் போகும் ஆண்டில் நீங்கள் தனித்து நிற்பீர்கள். மொழியியல் துறைகளில் கோட்பாட்டுச் சார்பையும் பாருங்கள். ஆக்கமுறை இலக்கணம், செயல்பாட்டு இலக்கணம், அறிதல்சார் மொழியியல் ஆகியவை ஒரே தரவை வெவ்வேறு கேள்விகளோடு அணுகுகின்றன. மொழிபெயர்ப்புக்குச் செல்பவர்கள் ஐரோப்பிய ஆணையம் தரும் 'ஐரோப்பிய மொழிபெயர்ப்பு முதுகலை' தர அடையாளம் அந்தப் பட்டத்துக்கு உள்ளதா என்று பார்க்கலாம்.

4. சேர்வதற்கு முந்தைய ஆறு மாதம்

மொழியியலுக்கு வேறு துறையிலிருந்து வருபவர்கள் முதலில் கற்க வேண்டியது ஐபிஏ எனப்படும் அனைத்துலக ஒலிப்பு எழுத்துமுறை. அட்டவணையை மனப்பாடம் செய்யாதீர்கள். மெய்யொலி அட்டவணையில் நெடுக்கு வரிசை ஒலி பிறக்கும் இடத்தையும், கிடை வரிசை ஒலிக்கும் முறையையும் சொல்கிறது. ஒரே கட்டத்தில் இரு குறிகள் இருந்தால் வலப்பக்கம் உள்ளது குரலொலி (குரல்நாண் அதிரப் பிறப்பது). இந்தத் தர்க்கம் பிடிபட்டால் நாளுக்கு இரண்டு மூன்று குறிகளை ஒலிப்பதிவோடு கேட்டுப் பழகினாலே போதும்.

பகுப்பாய்வுப் பழக்கத்துக்கு, 2003-இல் தொடங்கிய பன்னாட்டு மொழியியல் ஒலிம்பியாட்டின் பழைய வினாத்தாள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. முன்பின் தெரியாத ஒரு மொழியின் சில வாக்கியங்களை வைத்துக்கொண்டு அதன் இலக்கணத்தைக் கண்டுபிடிக்கும் கணக்குகள் அவை. வாரத்துக்கு இரண்டு போடுங்கள். விடையோடு நிற்காமல், அந்த விடைக்கு வந்த வழியை அரைப் பக்கத்தில் எழுதுங்கள். முதுகலையில் மதிப்பெண் கிடைப்பது அந்த அரைப் பக்கத்துக்குத்தான்.

புள்ளியியலுக்கு 'ஆர்' என்ற இலவச நிரல்மொழியில் தரவை ஏற்றுவது, வடிகட்டுவது, வரைபடம் போடுவது ஆகிய மூன்றையும் மட்டும் முன்கூட்டியே பழகிக்கொள்ளுங்கள். புள்ளியியல் மாதிரிகளைப் (மாடல்) பிறகு கற்கலாம்.

நவீன மொழிகள் மாணவருக்கான ஆயத்தம் வேறு. பழைய ஆவணங்களைத் தொடும் எண்ணம் இருந்தால் எழுத்துமுறையை முதலில் சரிபாருங்கள். துருக்கி மொழி இலத்தீன் எழுத்துக்கு மாறியது 1928-இல். அதற்கு முந்தைய உஸ்மானியக் கால ஆவணங்களில் பெரும்பாலானவற்றைப் படிக்க அரபு அடிப்படையிலான உஸ்மானிய எழுத்து தெரிந்தாக வேண்டும். ஜெர்மன் மொழியில் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரையிலான கையெழுத்துக் கடிதங்கள் பெரும்பாலும் 'குரென்ட்' எழுத்துவடிவில் இருக்கும். இன்றைய ஜெர்மனில் சி2 நிலை பெற்றவரும் பயிற்சி இல்லாமல் அவற்றில் ஒரு வரியைக்கூடப் படிக்க முடியாது. காப்பகத்துக்குப் போய் உட்கார்ந்த பிறகு இது தெரியவந்தால் ஆய்வேடே கைவிட்டுப் போகும்.

5. விண்ணப்பம்

நோக்கக் கடிதம் ஒன்று முதல் இரண்டு பக்கம். முதல் பத்தியிலேயே உங்கள் கேள்வியை வையுங்கள். அடுத்து அந்தக் கேள்வியைத் தொட நீங்கள் ஏற்கெனவே செய்த வேலை. பிறகு ஏன் இந்தத் துறை என்பதற்குப் பாடத்தின் பெயரும் ஆய்வகத்தின் பெயரும் சொல்லிக் காரணம். 'சிறு வயதிலிருந்தே மொழிகள் மீது ஆர்வம்' என்ற தொடக்கத்தையும், தெரிந்த மொழிகளின் எண்ணிக்கையையும் தேர்வுக் குழு நூற்றுக்கணக்கான கடிதங்களில் பார்த்திருக்கும். அவை எதையும் நிரூபிப்பதில்லை.

எழுத்து மாதிரியாக, பிறர் கருத்துகளைத் தொகுத்த கட்டுரையை அனுப்பாதீர்கள். சிறியதானாலும் உங்கள் கையால் தரவை எடுத்துப் பகுத்த ஒன்றை அனுப்புங்கள். பரிந்துரை எழுதுவோரிடம் கடைசி நாளுக்கு ஆறு வாரம் முன்பே கேட்டு, கடிதத்தோடு எழுத்து மாதிரியையும் கொடுங்கள்.

சான்றிதழ்களின் ஆயுளைக் கவனியுங்கள். ஆங்கிலத் திறன் தேர்வான ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண் இரண்டாண்டு வரைதான் செல்லும். பிரெஞ்சு மொழிக்கான டெல்ஃப், டால்ஃப் பட்டயங்களுக்குக் காலாவதி இல்லை. எனினும் ஒரு துறை 'அண்மையில் எழுதிய தேர்வு' என்று தனி நிபந்தனை வைக்கலாம்.

6. கேள்வியைக் குறுக்குதல்

முதுகலையில் அதிகம் தடுமாறும் இடம் இது. 'இளைஞர் பேச்சில் மொழிக்கலப்பு' என்பது தலைப்பு மட்டுமே, அதில் கேள்வி இல்லை. அதையே படிப்படியாக இறக்கிப் பார்ப்போம்.

தமிழ்ப் பேச்சில் ஆங்கில வினைகள் நேரடியாக விகுதி ஏற்பதில்லை. 'பண்ணு', 'ஆகு' போன்ற துணையோடு வருகின்றன: 'கதவை ஓபன் பண்ணினான்', 'கதவு ஓபன் ஆச்சு'. செய்பவர் தெரிந்தால் 'பண்ணு', தெரியாவிட்டால் 'ஆகு' என்று தோன்றும். செய்பவரின் கை மட்டும் தெரிந்தால்? தானியங்கிக் கதவானால்? இப்போது கேள்வி பிறக்கிறது: செய்பவர் எவ்வளவு தெரிகிறார் என்பது இந்தத் தேர்வைத் தீர்மானிக்கிறதா?

இந்தக் கேள்விக்கு உரையாடலைப் பதிவுசெய்து காத்திருந்தால், பல மணி நேரப் பதிவிலும் தேவையான வினைகள் போதிய அளவு வராது. அரிதான வடிவத்தை இயல்புப் பேச்சில் தேடுவது முதுகலை ஆய்வேடுகள் தோற்கும் முக்கியக் காரணம். எனவே குறும்படத் துண்டுகளைக் காட்டிப் பேச வைக்கலாம். 8 வினைகள், ஒவ்வொன்றுக்கும் 3 காட்சிகள் (முழு ஆள், கை மட்டும், எவருமில்லை): மொத்தம் 24 துண்டுகள். ஒரே ஆளிடம் ஒரு வினையின் மூன்று காட்சிகளையும் காட்டினால் நோக்கத்தை ஊகித்துவிடுவார். ஆகவே மூன்று பட்டியல்களாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டியலிலும் ஒவ்வொரு வினையும் ஒரே ஒரு காட்சியில் வரும்படி சுழற்றி அமைக்க வேண்டும். ஆளுக்கு 8 இலக்குத் துண்டுகள், கவனத்தைத் திருப்ப 16 நிரப்புத் துண்டுகள். பட்டியலுக்கு 8 பேர் என 24 பேரிடம் எடுத்தால் 192 பதில்கள். ஒரு முதுகலை ஆய்வேட்டின் காலத்துக்குள் எடுத்து முடிக்கக்கூடிய அளவு இது. முழுச் சோதனைக்கு முன் மூன்று பேரிடம் வெள்ளோட்டம் பாருங்கள். காட்சிகளில் ஒன்றிரண்டையாவது மக்கள் நீங்கள் நினைத்தபடி புரிந்துகொள்ள மாட்டார்கள்.

7. ஒப்புதல் இல்லாமல் பதிவு இல்லை

மனிதர்களிடமிருந்து தரவு எடுக்கும் ஆய்வுக்குப் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். வாரக்கணக்கில் ஆகும். திருத்தம் கேட்டால் இன்னும் நீளும். அதற்கு முன் எடுத்த பதிவை ஆய்வேட்டில் பயன்படுத்த அனுமதி கிடைக்காமல் போகலாம்.

ஒப்புதல் படிவத்தில் ஒரே கையெழுத்தில் எல்லாவற்றையும் அடக்காதீர்கள். பகுப்பாய்வுக்குப் பயன்படுத்துவது, வகுப்பிலோ கருத்தரங்கிலோ ஒலிக்கச் செய்வது, காப்பகத்தில் வைப்பது என மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம் வையுங்கள். பெயரை நீக்கினாலும் குரல் ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்பதைப் பங்கேற்பவரிடம் வாயாலும் சொல்லுங்கள். ஐரோப்பாவில் 2018 மே முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, அடையாளம் காணக்கூடிய குரற்பதிவு தனிநபர் தரவு. எந்த நாள்வரை விலகிக்கொள்ளலாம் என்று தேதியிட்டு எழுதுங்கள். படிக்க இயலாதவரிடம் விளக்கிச் சொல்லி, வாய்மொழி ஒப்புதலையே பதிவாக எடுக்கலாம், நெறிமுறைக் குழு அதை முன்னரே ஏற்றிருந்தால்.

8. ஒலிப்பதிவு

கோப்பு வடிவம் 'வேவ்'. மாதிரி வீதம் 44.1 அல்லது 48 கிலோஹெர்ட்ஸ், ஆழம் 16 அல்லது 24 பிட். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஒற்றைத் தடப் பதிவு மணிக்குச் சுமார் 318 மெகாபைட் பிடிக்கும். எம்பி3-யிலும், செய்திச் செயலிகளின் குரல்பதிவிலும் சுருக்கத்தின்போது தகவல் இழக்கப்படுகிறது. பிறகு 'வேவ்' ஆக மாற்றினாலும் இழந்தது திரும்பாது.

ஒலிவாங்கி வாய்க்கு அருகில் இருப்பது, விலை உயர்ந்த ஒலிவாங்கியைவிட முக்கியம். தலையில் மாட்டும் வகையானால் வாயின் ஓரமாக, மூச்சுக்காற்று நேரே படாதபடி வையுங்கள். தானியங்கி ஒலியளவுச் சீரமைப்பை அணைத்துவிடுங்கள். அது அமைதியான இடங்களில் இரைச்சலைத் தூக்கி, அசைகளின் ஒலியழுத்த ஒப்பீட்டைக் கெடுக்கும். உச்ச அளவு மைனஸ் 12 டெசிபெல் அருகே இருக்கட்டும் (பதிவின் எல்லை 0 டெசிபெல்). எல்லையைத் தொட்டு வெட்டுப்பட்ட அலையை யாராலும் சரிசெய்ய முடியாது. விசிறியையும் குளிர்பதனப் பெட்டியையும் அணைத்து, முப்பது நொடி பதிவுசெய்து ஹெட்போனில் கேட்டுப் பார்த்த பிறகே தொடங்குங்கள். அன்றைக்கே மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், அவற்றில் ஒன்று வேறு இடத்தில்.

9. எழுத்துப்பெயர்ப்பும் உருபன் குறிப்பும்

பெயர்த்தெழுதுவதற்கான நேரத்தை எல்லோரும் குறைவாகவே மதிப்பிடுகிறார்கள். ஒரு மணி நேர உரையாடலை வெறுமனே எழுதவே ஒரு முழு வேலைநாள் போகலாம். உருபன் குறிப்பும் (சொல்லின் பொருள்தரும் ஒவ்வோர் உறுப்புக்கும் கீழே அதன் பொருளை எழுதுவது) மொழிபெயர்ப்பும் சேர்ந்தால் அதைப் பல மடங்காகக் கணக்கிடுங்கள். முதல் பத்து நிமிடத்தை முழுமையாகச் செய்துபார்த்து, ஆன நேரத்தைக் குறித்து, மீதியைப் பெருக்கிப் பாருங்கள். பதிவைக் குறைக்க வேண்டுமென்றால் அப்போதே தெரிந்துவிடும்.

நைமேகனில் உள்ள மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனம் உருவாக்கிய 'ஈலான்' இதற்கு ஏற்ற இலவச மென்பொருள். அடுக்குகளின் (பேச்சு, உருபன் குறிப்பு, மொழிபெயர்ப்பு ஆகியவற்றுக்கான தனித்தனி வரிகள்) பெயர்களை முதல் கோப்பிலேயே தீர்மானித்து வார்ப்புருவாகச் சேமியுங்கள். இருபது கோப்புகளுக்குப் பிறகு மாற்ற நேர்ந்தால் ஒரு வாரம் வீண்.

எடுத்துக்காட்டுகளுக்கு லைப்ஸிக் குறிப்பு விதிகள் பொது வழக்கு. மொத்தம் பத்து விதிகள். அடிப்படை எளிது: மேல் வரியில் எத்தனை இணைப்புக்கோடோ (-), கீழ் வரியிலும் அத்தனை. ஓர் உருபனுக்கு இரண்டு சொல் தேவைப்பட்டால் நடுவே புள்ளி. தமிழ்த் தரவில் இங்கே ஒரு தடை வருகிறது. 'போனேன்' என்பதில் கால இடைநிலை 'ன்', விகுதி 'ஏன்'. இரண்டும் 'னே' என்ற ஒரே எழுத்துக்குள் ஒட்டியிருக்கின்றன. எல்லைக்கோட்டை எழுத்துக்குள் போட முடியாது. அதனால் மேல் வரியை 'போ-ன்-ஏன்' என்று பிரித்து எழுத வேண்டும், அல்லது உரோமானிய எழுத்துப்பெயர்ப்புக்குப் போக வேண்டும். ஐஎஸ்ஓ 15919 அதற்கான தரநிலை. ஆனால் அது எழுத்தைப் பெயர்க்கிறதே தவிர ஒலிப்பைக் காட்டுவதில்லை. 'கடல்', 'பகல்' இரண்டிலும் உள்ள ககரத்துக்கு ஒரே குறிதான் வரும். ஒலிப்பு முக்கியமானால் ஐபிஏ வரி ஒன்றைத் தனியாகச் சேருங்கள்.

ஐபிஏ தட்டச்சில் நெடில் குறிக்குப் பதிலாக முக்காற்புள்ளியை அடிப்பது மிகப் பரவலான பிழை. கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும், கணினித் தேடலில் அகப்படாது. 'டூலோஸ்', 'காரிஸ்' போன்ற எழுத்துருக்கள் ஐபிஏ குறிகளை முழுமையாகக் காட்டும்.

10. பகுப்பாய்வில் தவறும் இடங்கள்

ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் பவுல் பூர்ஸ்மாவும் டேவிட் வீனிங்கும் உருவாக்கிய 'பிராட்' ஒலியியலுக்கான இலவச மென்பொருள். அதில் உயிரொலியின் அதிர்வுப் பட்டைகளை (ஃபார்மன்ட், ஒலியாற்றல் குவியும் அதிர்வெண் பகுதிகள்) அளக்கும்போது, அவற்றைத் தேடும் அதிர்வெண்ணின் உச்சவரம்பை ஆளுக்கேற்ப மாற்ற வேண்டும். பெண் குரலுக்குச் சுமார் 5,500 ஹெர்ட்ஸ், ஆண் குரலுக்குச் சுமார் 5,000. எல்லோருக்கும் ஒரே அமைப்பை வைத்து அளந்தால், 'ஊ' போன்ற பின்னுயிர்களில் முதலிரண்டு அதிர்வுப் பட்டைகளும் ஒன்றாகக் கலந்து தவறான எண் வரக்கூடும். தானாக அளக்கும் நிரலை ஓட்டிய பிறகு ஒவ்வோர் உயிரிலும் சில புள்ளிகளைக் கண்ணால் சரிபாருங்கள்.

புள்ளியியலில் 192 பதில்களை 192 தனித்தனி ஆட்கள்போல் நடத்துவது பெரும் பிழை. அவை 24 பேரும் 8 வினைகளும் தந்தவை. ஒருவர் எதற்கும் 'பண்ணு' என்றே சொல்பவராக இருக்கலாம். ஒரு வினை எப்போதும் 'ஆகு'வையே ஈர்க்கலாம். ஆளுக்கு ஆள், சொல்லுக்குச் சொல் வரும் இந்த வேறுபாட்டைத் தற்செயல் விளைவுகளாகக் கணக்கில் சேர்க்கும் கலப்பு மாதிரி (மிக்ஸ்டு மாடல்) இதற்குத்தான். சொற்களும் ஒரு மாதிரித் தொகுப்பே என்ற எச்சரிக்கையை உளமொழியியலாளர் ஹெர்பர்ட் கிளார்க் 1973-லேயே விடுத்தார். 8 வினைகள் என்பது குறைவு என்பதை வரம்புகள் பகுதியில் வெளிப்படையாக எழுதுங்கள். தேர்வாளர் அதைக் குறையாகப் பார்க்க மாட்டார். எழுதாமல் விட்டால்தான் கேள்வி எழும்.

இலக்கிய, பண்பாட்டு ஆய்வேடுகளில் நிகரான பிழை, வாதத்துக்குப் பொருந்தும் பகுதிகளை மட்டும் மேற்கோள் காட்டுவது. எந்தப் பதிப்பு, எந்த ஆண்டுகள், எந்த இதழ்கள், எதை ஏன் விட்டீர்கள் என்ற எல்லையை இரண்டு பத்திகளில் முன்கூட்டியே வரையுங்கள். மேற்கோளை மூலமொழியில் கொடுத்து, மொழிபெயர்ப்பு யாருடையது என்று குறிப்பிடுங்கள்.

11. பதினாறு வாரமும் பதினைந்தாயிரம் சொல்லும்

15,000 சொல் ஆய்வேட்டுக்கு ஏறத்தாழ இப்படிப் பிரிக்கலாம்: முன்னுரை 1,200, முந்தைய ஆய்வுகள் 3,300, முறை 2,500, முடிவுகள் 3,500, விவாதம் 3,500, முடிவுரை 1,000. மாணவர்கள் வழக்கமாக முந்தைய ஆய்வுகளுக்கு ஆறேழு ஆயிரம் சொல்லைச் செலவழித்துவிட்டு விவாதத்தை இரண்டு பக்கத்தில் முடிக்கிறார்கள். மதிப்பெண் குறைவது அங்கே.

நெறிமுறை ஒப்புதல் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால்: முதல் இரண்டு வாரம் வெள்ளோட்டமும் திருத்தமும், அடுத்த மூன்று தரவு சேகரிப்பு, பிறகு மூன்று பெயர்த்தெழுதுதலும் குறியிடலும், இரண்டு பகுப்பாய்வு, நான்கு எழுத்து, கடைசி இரண்டு திருத்தம். முறைப் பகுதியைத் தரவு எடுக்கும் வாரங்களிலேயே எழுதுங்கள். விவரங்கள் அப்போதுதான் நினைவில் இருக்கும். மேற்கோள் நூல்களை முதல் நாளிலிருந்தே 'ஸோட்டேரோ' என்ற நூற்பட்டியல் மென்பொருளில் சேருங்கள்.

நெறியாளரைச் சந்திக்க வெறுங்கையோடு போகாதீர்கள். இரண்டு நாள் முன்பே இரண்டு மூன்று பக்கமும், விடை தேவைப்படும் இரண்டு கேள்விகளும் அனுப்புங்கள். சந்திப்பு முடிந்த அன்றே, முடிவானவற்றை ஐந்து வரியில் மின்னஞ்சலாக எழுதுங்கள். மூன்றாவது மாதத்தில் 'இதை விடச் சொன்னேனே' என்ற குழப்பம் வராது.

12. சமர்ப்பித்த பிறகு

பங்கேற்றவர்கள் ஒப்புக்கொண்ட அளவுக்குள் தரவைக் காப்பகத்தில் சேருங்கள். அழிநிலை மொழிகளுக்கு 'ஈலார்', பசிபிக் பகுதிக்கு 2003-இல் தொடங்கிய 'பாரடிசெக்' போன்றவை உள்ளன. மற்றவற்றுக்குப் பல்கலைக்கழகத்தின் சொந்தத் தரவுக் களஞ்சியம் போதும். ஒவ்வொரு கோப்புக்கும் தேதி, இடம், பேசியவரின் குறியீட்டு எண், மொழியின் ஐஎஸ்ஓ 639-3 குறியீடு, அனுமதி நிலை ஆகிய ஐந்தும் உள்ள அட்டவணை ஒன்று இருக்க வேண்டும். ஒப்புதல் படிவங்களையும், எண்ணையும் பெயரையும் இணைக்கும் பட்டியலையும் அதே கோப்புறையில் வைக்காதீர்கள். அவை பூட்டிய தனிக் கோப்பில், நெறிமுறைக் குழு குறித்த நாள்வரை மட்டும் இருந்து பிறகு அழிக்கப்பட வேண்டியவை.